பகலில் விட்ட சாப்பாடு இரவில் கேட்கிறது

கேள்வி: எனக்கு 42 வயது. கோலாலம்பூரின் செந்தூலில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாரோடு வசிக்கிறேன். ஒரு கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. 16 மாதங்களுக்கு முன்பு ஸ்லீவ் எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோவாக இருந்த எடை 79 வரை இறங்கியது, இப்போது 84. பகலில் எனக்குப் பசியே எடுப்பதில்லை. காலையில் ஒரு பாக்கெட் காப்பி, மதியம் நான்கு கரண்டி சோறும் பாதி மீனும், மாலையில் ஒரு கறிபாப், இரவு எட்டு மணிக்குப் பாதித் தோசை, அவ்வளவுதான். ஆனால் பத்தரை மணிக்கு மேல் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். மைலோ கலக்கிக் குடிக்கிறேன். முறுக்கு டின்னைத் திறந்தால் மூட முடிவதில்லை. கணவருக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் பிற்பகல் ஷிப்ட். பன்னிரண்டரைக்கு வரும்போது மாமாக் எனும் இந்திய முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி சானாய் வாங்கி வருவார். அவரோடு உட்கார்ந்து பாதி ரொட்டியும் கொஞ்சம் தே தாரிக்கும் சாப்பிடுவேன். வாரத்தில் மூன்று நாளாவது விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறேன். பிஸ்கட் தின்ற பிறகுதான் தூக்கம் வருகிறது. நெஞ்சு எரிகிறது. ஐஸ் கட்டியை மென்றுகொண்டே இருக்கிறேன். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரைகளில் மற்றவற்றை நிறுத்திவிட்டார்கள், இரவில் ஒன்று மட்டும் இன்னும் போடுகிறேன். மறுபரிசோதனைக்குப் போய்ப் பத்து மாதமாகிறது. எடை ஏறியதைக் காட்ட வெட்கமாக இருக்கிறது. “இவ்வளவு காசக் கொட்டி வயித்த வெட்டியும் வாய் அடங்கலையே” என்கிறார் மாமியார். என் இரைப்பை மறுபடியும் பெருத்துவிட்டதா? இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டுமா? இரவில் வாயைக் கட்ட ஏதாவது மாத்திரை உண்டா?

பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லுமுன், நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிச் சென்ற இரண்டு வரிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்கு வியர்த்து விழிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரவில் ஓர் இனிப்புநீர் மாத்திரை போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையின் பெயரைக் குறிப்பிடவில்லை. அது மெட்ஃபார்மினாக இருந்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை, ஏனென்றால் அந்த மருந்து தனியாக நின்று சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரையாக இருந்தால் கதை வேறு. 118 கிலோ எடையும் மூன்று வேளைச் சோறும் இருந்த உடம்புக்கு எழுதிக் கொடுத்த அளவு, 84 கிலோ எடையும் பாதித் தோசையும் உள்ள உடம்புக்கு மிகையாகிவிடலாம். அப்போது நள்ளிரவுக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை சரிந்து, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்களை எழுப்பி, வியர்க்க வைத்து, பிஸ்கட் டின்னை நோக்கித் தள்ளும். அந்த நேரத்தில் பிஸ்கட் தின்பதை யாரும் வாய்க்கொழுப்பு என்று சொல்ல முடியாது.

ஆகவே இன்றைக்கே மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இல்லையென்றால் மருந்தகத்தில் வாங்கி, படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்த முறை அப்படி விழிக்கும்போது விரலைக் குத்திப் பாருங்கள். 3.9 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால், அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். அளவு ஏறிய பிறகு ஒரு கோப்பைப் பாலோ ஒரு முட்டையோ போதும். கை நடுக்கமும் படபடப்பும் அதிகமாக இருந்து கருவி கையில் இல்லாவிட்டால், அளந்து பார்க்கக் காத்திருக்காமல் சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். மறுநாள் காலையில், அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே, மருந்து எழுதிக் கொடுத்த கிளினிக்கை அழைத்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். உங்கள் கணவரிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: நீங்கள் குழறிப் பேசினாலோ எழுப்பியும் எழவில்லை என்றாலோ வாயில் எதையும் ஊட்டாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரை காரணமாக இல்லாமலும் இது நடக்கலாம். இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு, மாவும் சீனியும் மிகுந்த உணவு வழக்கத்தைவிட வேகமாகக் குடலுக்கு இறங்கி, இன்சுலின் பெருகி, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் சிகிச்சை செய்தவர்களுக்கு இது கூடுதலாக வரும்; ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வருவதுண்டு. உங்கள் கணக்கையே பாருங்கள். ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் உள்ளே போவது பன்னிரண்டரைக்கு, விழிப்பது மூன்றுக்கு. இது தற்செயலாகவும் இருக்கலாம், அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்த எண்களை எழுதி வைத்தால் உங்கள் மருத்துவருக்கு அதுவே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

இனி இரைப்பைக்கு வருகிறேன். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே நீக்கப்பட்டு, ஒரு வாழைப்பழ அளவுக் குழாய்தான் மிச்சமிருக்கும். காலப்போக்கில் அது ஓரளவு நெகிழ்வது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனால் “இரவில் எவ்வளவு போட்டாலும் நிறையவில்லை, அதனால் பெருத்துவிட்டது” என்று முடிவு கட்டுவது தவறு. என் அறையில் நான் அடிக்கடி செய்து காட்டும் ஒரு சோதனை உண்டு. இரண்டு கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துக்கொள்வேன். ஒன்றில் வெதுவெதுப்பான மைலோவை ஊற்றி நான்கு பிஸ்கட்டுகளை உடைத்துப் போடுவேன். மற்றொன்றில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, பொரித்த கெம்போங் மீனில் ஒரு துண்டைப் போடுவேன். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கரண்டியால் கிளறிக் காட்டினால், பிஸ்கட் இருந்த இடம் தெரியாது, கூழாகி ஊற்றினால் ஓடும். மீன் போட்டபடியே கிடக்கும். உங்கள் இரைப்பைக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். மீனும் கோழியும் முட்டையும் அந்தக் குழாயில் தங்கி நின்று “போதும்” என்று சொல்ல வைக்கும். பிஸ்கட்டும் மைலோவும், வாயிலேயே நொறுங்கிப் போகும் முறுக்கும் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும். மதியம் பாதி மீனில் உங்களுக்கு வயிறு நிறைகிறது என்பதே, சிகிச்சை இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு நீங்களே எழுதிக் கொடுத்த அத்தாட்சி.

எடையைப் பற்றியும் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் இறக்கியது 39 கிலோ. திரும்பி வந்தது 5 கிலோ, அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இந்தச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் இடையில் தங்கள் மிகக் குறைந்த எடையைத் தொட்டு, அதன்பின் சிறிது ஏறுவது வழக்கமாக நடப்பது. கவனிக்காமல் விட்டால் 5 என்பது 15 ஆகும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுபரிசோதனையைத் தவிர்க்கும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை. எடை ஏறியவர்களைப் பார்ப்பதற்காகத்தான் அந்தப் பரிசோதனையே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். இரண்டு பேரில் ஒருவருக்கு மேல் சுமக்கும் ஒரு சிக்கலை நீங்கள் மட்டும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

இரவில் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விடை உங்கள் பகலில் இருக்கிறது. நீங்கள் எழுதிய உணவைத் தாளில் குறித்துத் தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன். காலைக் காப்பியிலிருந்து இரவுத் தோசை வரை எல்லாம் சேர்ந்து 500 கலோரியை ஒட்டி வருகிறது. பத்தரை மணிக்குப் பிறகு போவது அதற்குச் சமமாகவோ அதைத் தாண்டியோ இருக்கிறது. அதைவிட முக்கியமான கணக்கு புரதம். இரவும் பகலும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது 30 கிராமை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் சிகிச்சை செய்தவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். பாதி உணவோடு ஒரு முழு நாளும் அலுவலகம், பிள்ளைகள், வீட்டு வேலை என்று ஓடிய உடம்பு, வீடு அடங்கி நீங்கள் உட்கார்ந்த முதல் நிமிடத்தில் தன் பாக்கியைக் கேட்கிறது.

பகலில் பசி எடுக்காததற்கும் காரணம் உண்டு. கிரெலின் என்ற பசி ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-இல் கண்டறிந்தார்கள். அது பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேற்பகுதியில். ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எடுக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். அதனால்தான் முதல் ஆண்டில் பசி என்ற ஒன்றையே மறந்துவிட்டதாகப் பலர் என்னிடம் சொல்கிறார்கள், சந்தோஷமாகவும் சொல்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது: பசித்தால் மட்டும் சாப்பிடுவது. மற்றவர்களுக்கு நல்ல பழக்கம், உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் உடம்பில் மணி அடிப்பவர் பாதி விடுப்பில் இருக்கிறார். மணி அடிக்கும் வரை காத்திருந்தால் சாப்பாட்டு வேளை தப்பிவிடும். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், மருந்து சாப்பிடுவது போல.

இதற்கு மேலே உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒன்றும் சேர்கிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பகலா இரவா என்று தெரியாதபடி மங்கிய வெளிச்சத்தில் பல நாட்கள் தங்கவைத்து ஆட்களைக் கவனித்தார்கள். எப்போது சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள் என்பதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும், பசி காலை எட்டு மணி வாக்கில் மிகக் குறைவாகவும், இரவு எட்டு மணி வாக்கில் மிக அதிகமாகவும் இருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல் ஆசையும் அப்படியே இரவில் ஏறியது. உங்கள் கை மைலோவுக்கும் முறுக்குக்கும் போவதில் புதிர் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் இரவில் அந்தப் பக்கம்தான் சாய்வு. பகலில் வயிற்றுக்குக் கொடுத்தவர்கள் அந்தச் சாய்வில் நின்றுகொள்கிறார்கள், கொடுக்காதவர்கள் சறுக்குகிறார்கள்.

இரவு உணவு நோய்க்குறி என்று மருத்துவத்தில் ஒரு நிலை உண்டு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1955-இல் அதை முதலில் விவரித்தார்கள். நாளுக்கான உணவில் கால் பங்கோ அதற்கு மேலோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போவது அல்லது வாரத்தில் இரண்டு முறையாவது தூக்கத்திலிருந்து எழுந்து உண்பது, அதோடு காலையில் உணவு வேண்டாதிருப்பது, தூக்கம் வராமை, சாப்பிட்டால்தான் தூக்கம் வரும் என்ற நம்பிக்கை, மாலைக்கு மேல் மனம் சோர்ந்து போவது ஆகியவற்றில் பல சேர்ந்து மூன்று மாதங்கள் நீடித்தால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் பலவும் இருக்கின்றன. ஆனாலும் நான் அந்தப் பெயரை இப்போதே உங்கள் மேல் ஒட்டமாட்டேன். சர்க்கரை தாழ்வதால் விழிப்பவரையும், பகலெல்லாம் பட்டினி கிடப்பதால் இரவில் உண்பவரையும் முதலில் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பகல் உணவைச் சரிசெய்து, சர்க்கரையைச் சோதித்து, ஆறு வாரம் ஆன பிறகும் இரவு அப்படியே இருந்தால், அப்போது அந்தப் பெயருக்கும் அதற்குரிய சிகிச்சைக்கும் போகலாம்.

உண்டதே நினைவில் இல்லாமல், காலையில் அடுப்படி அலங்கோலமாகக் கிடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வேறொன்று. அது தூக்கம் சார்ந்த கோளாறு. சால்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளாலும் வரும். உங்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்பதால் அதைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. ஆனால் தூக்கத்துக்காக யாரிடமாவது அந்த மாத்திரையை வாங்கிப் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான் உங்கள் கடிதத்தில் அதிக நேரம் நின்ற இடம் பன்னிரண்டரை மணி. பிள்ளைகளும் மாமியாரும் தூங்கிய பிறகு, கணவர் வந்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஒரே நேரம் அது என்பது, நீங்கள் எழுதாமலே எனக்குத் தெரிகிறது. அந்த ரொட்டி சானாயை வெறும் மாவும் எண்ணெயுமாகப் பார்த்து “நிறுத்துங்கள்” என்று சொல்வது எளிது. அப்படிச் சொன்ன ஆலோசனைகள் இரண்டு வாரத்துக்கு மேல் நிலைத்ததை நான் பார்த்ததில்லை. 2024-இல் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 24 மணி நேர உணவகங்கள் வேண்டாம் என்று குரல் கொடுத்தபோது, உடல்நலத்தைப் பற்றிய அதன் கவலை நியாயமானது என்றே நான் நினைத்தேன். ஆனால் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் ஒரு மனிதருக்குச் சூடாகச் சாப்பிட வேறு எங்கே கிடைக்கும் என்ற கேள்வியும் என்னை விடவில்லை. உங்கள் கணவர் அந்தப் பொட்டலத்தை அன்போடுதான் வாங்கி வருகிறார். அதை மறுப்பது அவரையே மறுப்பதாக உங்களுக்குத் தோன்றுவது இயல்பு.

அதனால் அவரிடம் பேச வேண்டியது ரொட்டியைப் பற்றி மட்டும் இல்லை, நேரத்தைப் பற்றியும். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து, ஒன்றரைக்குப் படுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஐந்தரைக்கோ ஆறுக்கோ எழுந்தால் நீங்கள் தூங்குவது நான்கு அல்லது நாலரை மணி நேரம். அதிலும் மூன்று மணிக்கு ஒரு விழிப்பு. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் ஏறும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. வேலை நாட்களில் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டு, மறுநாள் உங்களுக்கு விடுமுறையாக உள்ள இரண்டு இரவுகளை மட்டும் அவருக்காக வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். மற்ற நாட்களில் அவருடைய ஓய்வு நேரம் ஏழரை மணி வாக்கில் இருந்தால், கைப்பேசியில் முகம் பார்த்துக்கொண்டே இருவரும் அந்த வேளைச் சாப்பாட்டைச் சாப்பிடலாம். என்னிடம் வரும் ஒரு தம்பதியர் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த அம்மாள் சாப்பிடும் வேகமே குறைந்துவிட்டது. விழித்திருக்கும் அந்த இரண்டு இரவுகளில் அவர் தம் பங்கைச் சாப்பிடட்டும். உங்கள் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகும் புளியும் இல்லாத தெளிந்த கோழிச் சாறு இருக்கட்டும். கை சும்மா இருந்தால்தான் அவருடைய தட்டுக்குப் போகும்.

பகலை எப்படிக் கட்டுவது என்பதை உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், பசித்தாலும் பசிக்காவிட்டாலும், பசியாறிவிட வேண்டும். ஒரு முட்டையில் தொடங்குங்கள், இரண்டு வாரத்தில் இரண்டாக்குங்கள். அவித்த முட்டை குமட்டினால் கொப்பிக் கடையில் தருவது போன்ற அரைவேக்காட்டு முட்டை சிலருக்கு எளிதாக இறங்குகிறது. பாக்கெட் காப்பிக்குள் சீனி ஏற்கெனவே கலந்திருப்பதால், பால் ஊற்றிச் சீனி இல்லாமல் நீங்களே கலந்துகொள்ளுங்கள். அதையும் முட்டைக்கு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பத்தரை மணிக்கு அலுவலகத்தில் ஒரு கோப்பை இனிப்பில்லாத பால். மதியம் உள்ளங்கை அளவு மீனை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு காய், இடமிருந்தால் கடைசியாகச் சோறு. நீங்கள் இப்போது சோற்றில் தொடங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், அதனால்தான் மீன் பாதியில் நின்றுவிடுகிறது. மாலை நாலரைக்குக் கறிபாப்புக்குப் பதில் அரைக் கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டல். காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டால், எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தின் வாசலில் எண்ணெய்ச் சட்டியின் வாசம் உங்களை நிறுத்தாது. ஏழரைக்குக் கோழியோ தவ்ஹு என்ற சோயாக் கட்டியோ முதன்மையாக ஒரு சாப்பாடு; தோசைதான் வேண்டுமென்றால் பாதித் தோசையோடு ஒரு முட்டை.

இரவு ஒன்பதரைக்கு ஒரு சின்ன உணவை நானே உங்களுக்கு எழுதித் தருகிறேன்: இனிப்பில்லாத தயிர் ஒரு கிண்ணம், மேசையில் உட்கார்ந்து, கரண்டியால், மெதுவாக. இரவில் எதையுமே தொடக் கூடாது என்று சபதம் எடுப்பவர்கள்தான் பதினொரு மணிக்கு டின்னோடு உட்கார்கிறார்கள். அனுமதி பெற்ற ஓர் உணவு கையில் இருந்தால் திருட்டு உணவின் பிடி தளர்கிறது. இதையெல்லாம் கூட்டினால் புரதம் 60 கிராமைத் தாண்டிவிடும். முதல் வாரத்தில் வயிறு கனப்பது போலத் தோன்றும், எடை சற்று ஏறுவது போலவும் தோன்றும். பகலில் கூட்டியதற்கு இரவு குறைய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

முறுக்கு டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது பலகாரமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது சமையலறை மேசையின் மேல் இருக்க வேண்டியதில்லை. மாமியாரின் அறை அலமாரிக்குப் போகட்டும். கேட்டு வாங்க வேண்டிய பொருளாக ஆகட்டும்.

சர்க்கரை சரியாக இருந்தும் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், பெரிய விளக்கைப் போடாதீர்கள், கைப்பேசியை எடுக்காதீர்கள். இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, படுத்தபடியே பாதத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு தசையாக ஐந்து நொடி இறுக்கி மெல்லத் தளர விடுங்கள். கால், தொடை, வயிறு, கை, தோள், தாடை என்று மேலே வர ஏழெட்டு நிமிடம் ஆகும். இந்தப் பயிற்சியை இரவு உண்ணும் பழக்கம் உள்ளவர்களிடம் ஆய்வாளர்கள் சோதித்து, பலன் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் வயிறு கேட்டால், நின்றபடி டின்னிலிருந்து எடுக்காமல், முன்கூட்டியே எடுத்து வைத்த அரைக் கோப்பைப் பாலை உட்கார்ந்து குடித்துவிட்டுப் படுங்கள். அன்றைய இரவைத் தோல்வி என்று குறிக்க வேண்டாம்.

நெஞ்செரிச்சலை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலே ஏறும் தொல்லை கூடுவது தெரிந்த பக்கவிளைவு. ஒரு மணிக்குச் சாப்பிட்டு ஒன்றரைக்குப் படுத்தால் அது நிச்சயம் ஏறும். அந்த எரிச்சலையே பசி என்று எண்ணி மறுபடியும் எதையாவது விழுங்குபவர்கள் பலர். ஒரு வாய் பிஸ்கட் சற்று நேரம் எரிச்சலை அடக்குவதால் அந்த எண்ணம் உறுதிப்படுகிறது. கடைசிப் பெரிய உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும், கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அறுவை சிகிச்சை நிபுணரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். தொடரும் எரிச்சலுக்கு அகநோக்கிக் கருவியால் (எண்டோஸ்கோப்பி) உள்ளே பார்த்துவிடுவதுதான் சரி.

ஐஸ் கட்டி மெல்லும் ஆசைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இரும்புச் சத்துக் குறைவு. மாதவிலக்கு நிற்காத வயதில், இரைப்பை குறைந்து, இறைச்சி குறைந்து, பத்து மாதமாக இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சந்தேகம் வலுவானது. ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை தந்தால் தேநீரோடும் காப்பியோடும் போடாதீர்கள். கால்சிய மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புக் குறைவு கால்களில் ஒரு குறுகுறுப்பைக் கொடுத்துத் தூக்கத்தையும் கெடுக்கும், ஆகவே இதுவும் உங்கள் இரவோடு சம்பந்தப்பட்டதுதான்.

வாயைக் கட்டும் மாத்திரை கேட்டிருந்தீர்கள். இரவு உணவு நோய்க்குறிக்குச் செர்ட்ராலின் என்ற மருந்து சோதிக்கப்பட்டுப் பலன் தந்திருக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்துத் திருத்தும் மனநலச் சிகிச்சையும் உதவுகிறது. இரண்டுமே மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டியவை. பக்கத்து வீட்டுக்காரர் தரும் மெலிவுத் தேநீரையும் இணையத்தில் விற்கும் மாத்திரைகளையும் தொடாதீர்கள். மாலைக்கு மேல் மனம் இருண்டு, வாழ்வதில் பிடிப்பில்லை என்று தோன்றும் நாள் வந்தால் அதை எடையோடு சேர்த்து மறைக்க வேண்டாம். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் காது கொடுத்துக் கேட்பார்கள். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிந்திய ஆண்டுகளில் மனச்சோர்வைக் கவனிக்க வேண்டும் என்பதை நாங்கள் எல்லாரும் அறிவோம். குடும்பங்களுக்குத்தான் அதை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு இப்போது அவசியம் எதையும் நான் காணவில்லை. இதே பகலும் இதே இரவும் தொடர்ந்தால் புதிதாகத் தைத்த இரைப்பையிலும் மைலோ வழுக்கித்தான் இறங்கும்.

உங்கள் மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அம்மா, உங்கள் மருமகளின் வாய் அடங்காமல் இல்லை. அவர் பகலில் ஒரு சிறு பிள்ளை சாப்பிடும் அளவுகூடச் சாப்பிடவில்லை, இரவில் அவருடைய உடம்பு அதைத் தேடுகிறது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்து வைக்கும்போது இவருக்கும் ஒரு முட்டையை உரித்து முன்னால் வைத்து, தின்று முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். இந்த வீட்டில் அதைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் இல்லை.

சகோதரி, ஒரு பள்ளிக் குறிப்பேட்டை வாங்கி இன்று முதல் 14 நாட்களுக்கு எழுதுங்கள்: சாப்பிட்ட நேரம், என்ன, எவ்வளவு, அப்போது வயிறு கேட்டதா மனம் கேட்டதா, படுத்த நேரம், விழித்த நேரம், விரல் குத்திப் பார்த்த எண். எடையை மட்டும் எழுத வேண்டாம், அதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள். மாத்திரை விஷயமாக நாளைக் காலையே கிளினிக்கை அழைக்கும்போது, அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையையும் அழைத்து, இரண்டு வாரம் கழித்து வரும் ஒரு நாளுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். போகும்போது குறிப்பேட்டையும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; பிற்பகல் ஷிப்ட்தானே, காலை நேரமாகக் கேட்டு வாங்கினால் உங்கள் கணவரும் கூட வரலாம்.